மயிலை எண்ணுவது யார்? தென்காசி வயல்களில் 'சாமி வாகனம்' தரும் சங்கடம்!

குற்றாலம் சீசன் வந்துவிட்டால் ஊரெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தண்ணி விழுதா?" பேரருவியில் எவ்வளவு, ஐந்தருவியில் எத்தனை கிளை, பழைய குற்றாலத்தில் குளிக்க விடுகிறார்களா என்று மதுரை, சென்னை, கொல்லம் வரைக்கும் போன் பறக்கும். அதே ஜூன், ஜூலை மாதங்களில் அருவிகளுக்குக் கிழக்கே, இலஞ்சி, மேலகரம், ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம் என்று விரியும் வயற்காட்டில் கேட்கும் கேள்வி வேறு. "இன்னைக்கு எத்தனை இறங்கியிருக்கு?"

இறங்குவது மயில். நம் தேசியப் பறவை. முருகனின் வாகனம். சீசனுக்கு வருகிறவர்கள் காரை ஓரங்கட்டி செல்போனை நீட்டும் அதே மயில்தான், கார் பருவத்துக்கு நாற்றுப் பாவியவருக்கும் கடலை விதைத்தவருக்கும் தலைவலி. தூரத்தில் நின்று பார்த்தால் பச்சை வயலும் நீலக் கழுத்தும் கண்ணைப் பறிக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால், கிளறிப்போட்ட மண்ணும் காலியான விதைக்குழியும்தான் மிஞ்சியிருக்கும்.

மயில் விஷயத்தில் தென்காசிக்காரர்களின் சங்கடம் கொஞ்சம் கூடுதல். சுற்றிலும் முருகன் கோயில்கள். பண்பொழியில் திருமலைக் குமாரசுவாமி, இலஞ்சியில் குமாரர், ஆய்க்குடியில் பாலசுப்பிரமணியர். ஒவ்வொரு கோயிலிலும் மயில் வாகனம் இருக்கிறது. கார்த்திகைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, மறுநாள் காலையில் வயலில் அதே மயிலைக் கல்லெடுத்து விரட்ட வேண்டும். மனசு வராது, விரட்டாமலும் முடியாது. காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசும்போது கோபமாகப் பேசுகிறவர்கள்கூட, மயில் என்றதும் குரலைத் தணித்துக்கொள்வதைக் கவனிக்கலாம்.

என்ன செய்கிறது மயில்?

மயில் ஒரு 'எல்லாம் தின்னி'. தானியம், விதை, இளந்தளிர், பழம், பூச்சி, புழு, பல்லி, ஓணான், சின்னப் பாம்பு என எதையும் விடாது. நெல்லில் அதன் சேதம் இரண்டு கட்டமாக நடக்கும். நாற்றங்காலில் முளைத்து வரும் விதையைப் பொறுக்கும். நடந்து மிதித்தே பாதி நாற்றைச் சாய்த்துவிடும். அப்புறம் கதிர் பால் பிடித்து முற்றும்போது மறுபடி வரும். நிலக்கடலையில் விதைத்த மறுநாளே வரிசை பிடித்துக் கிளறும். மக்காச்சோளத்தில் முளை விட்ட குருத்தைப் பிடுங்கும். தக்காளி, மிளகாய் என்றால் பழத்தில் ஒரு கொத்து, அவ்வளவுதான். ஒரு கொத்து பட்ட தக்காளியைப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் யார் எடுப்பார்கள்?

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. யானை வந்துபோன தோட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். பன்றி உழுதுபோட்ட வயலும் அப்படித்தான். மயிலின் சேதம் அப்படிக் கண்ணில் அறையாது. இங்கே பத்துக் குழி, அங்கே ஒரு பாத்தி என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதிகாரி வந்து பார்க்கும் நாளில் வயல் சும்மா 'நோஞ்சானாக' நிற்பதுபோலத்தான் தெரியும். விதை சரியில்லையா, தண்ணீர் பற்றவில்லையா, மயிலா என்று அடித்துச் சொல்ல முடியாது. மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் மயில் பிரச்னை எழுந்தாலும், பன்றி, யானை அளவுக்கு அது எடுபடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பூச்சியைத் தின்கிறது, பாம்பை அண்டவிடாது என்று மயிலுக்காகப் பேசும் விவசாயிகளும் இருக்கிறார்கள். தோப்பு வைத்திருப்பவருக்கு மயில் ஒரு அழகு. கடலை போட்டவருக்குத்தான் அது எதிரி. ஒரே ஊரில், ஒரே டீக்கடையில், இரண்டு கட்சியும் உண்டு.

அமெரிக்காவில் ஒரு 'மயில் சொந்தம்'

மயில் எந்தக் குடும்பம் தெரியுமா? நாட்டுக்கோழி, காட்டுக்கோழி, கௌதாரி, காடை எல்லாம் ஒரே குடும்பம். விலங்கியலில் அதற்கு 'ஃபேசியானிடே' என்று பெயர். அந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த பறவை 'ஃபெசன்ட்'. நீண்ட வாலும், சிவந்த முகமும், செம்பொன் நிற உடம்புமாக இருக்கும் சேவல். ஆசியாவைச் சேர்ந்த அந்தப் பறவையை 1880-களில் சீனாவிலிருந்து அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே சோளக்காடுகளில் பெருகி, இன்று சவுத் டகோட்டா மாநிலத்தின் மாநிலப் பறவையே அதுதான்.

நம்மூரில் மயிலை விரட்டுகிறோம். அங்கே ஃபெசன்ட்டுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள், துப்பாக்கியோடு. சவுத் டகோட்டாவில் முதல் வேட்டை சீசன் 1919-ல் நடந்தது. இப்போதும் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை அங்கே சீசன் தொடங்கும். சின்னச் சின்ன ஊர்களின் லாட்ஜ், ஹோட்டல், நாய் பழக்குகிறவர் என்று ஒரு பொருளாதாரமே அதை நம்பி இருக்கிறது. கிட்டத்தட்ட நம்ம குற்றாலம் சீசன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அருவிக்குப் பதில் பறவை.

சீசன் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வழிதான் நமக்கு முக்கியம். மினசோட்டா மாநிலத்தில் 1955-லிருந்து ஆகஸ்ட் மாதத்தில் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. ஒவ்வொன்றும் 25 மைல், அதாவது 40 கி.மீ. நீளமுள்ள சாலைத் தடங்கள். வருஷா வருஷம் அதே தடம், அதே பருவம், அதே அதிகாலை. காற்று அடங்கிய, பனி கனத்து விழுந்திருக்கும் காலையாகப் பார்த்துக் கிளம்புவார்கள். ஏன் பனி? புல்லுக்குள் இருக்கும் தாய்ப்பறவையும் குஞ்சுகளும் நனைந்துபோய், சிறகு உலர்த்த சாலையோரத்துக்கு வந்து நிற்குமாம். வண்டியில் மெதுவாகப் போய் எண்ணிவிடலாம். 100 மைலுக்கு எத்தனை பறவை என்று ஒரு எண் வரும். அயோவா மாநிலத்திலும் இதே மாதிரி, 30 மைல் தடங்களில். அந்த எண் வெளியானதும் வேட்டைக்காரர்கள் எந்தப் பக்கம் போவது என்று திட்டம் போடுவார்கள்.

அந்த எண் எல்லாப் பறவைகளின் மொத்தத் தொகை இல்லை. போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதைச் சொல்லும் அளவுகோல். எண்ணுகிற முறை மாறாதவரை அந்த ஒப்பீடு நிற்கும்.

இதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. ஃபெசன்ட் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் சவுத் டகோட்டா, 2020-ல் அந்த ஆண்டுக் கணக்கெடுப்பையே நிறுத்திவிட்டது. எண்ணிக்கை குறைவு என்று அறிக்கை வந்தால் வெளிமாநில வேட்டைக்காரர்கள் வராமல் போய்விடுகிறார்கள், வியாபாரம் படுத்துவிடுகிறது என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. 'அருவியில் தண்ணி இல்ல' என்ற ஒற்றை வாட்ஸ்அப் செய்தி குற்றாலத்து லாட்ஜ்காரர்களை என்ன பாடுபடுத்தும் என்று தெரிந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

குறவஞ்சியிலேயே இருக்கிறது கணக்கு

பறவையை எண்ணுவதும், எதிர்பார்ப்போடு காத்திருப்பதும் குற்றாலத்துக்குப் புதிதில்லை. பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய 'குற்றாலக் குறவஞ்சி' பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பந்தாடும் வசந்தவல்லி, குறி சொல்லும் சிங்கி வரை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பின்னால் வரும் சிங்கன்தான் நம்ம ஆள். அவன் பறவை பிடிக்கிற வேடன். அவனுக்குக் கையாள் நூவன்.

குற்றாலநாதருக்குரிய வயல்களில் எந்தெந்தப் பறவை கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறது என்று சிங்கன் பார்த்துப் பார்த்துச் சொல்லும் பகுதி அந்த நூலின் சுவையான இடங்களில் ஒன்று. காடை, மாடப்புறா, மயில், கொக்கு என்று பட்டியல் நீளும். வயல்களின் பெயர்களும் வரிசையாக வரும். கண்ணி வைத்துவிட்டுக் காத்திருப்பான். மனசோ காணாமல்போன சிங்கியிடம் இருக்கும். இன்றைய கண்ணில் பார்த்தால் அது ஒரு கள ஆய்வுக் குறிப்பேடு. என்ன பறவை, எந்த வயல், எவ்வளவு கூட்டம் எல்லாமே அதில் உண்டு. இந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்ததாகவும், அந்த இடம் 'குறவஞ்சி மேடு' என்று அழைக்கப்பட்டதாகவும் சொல்வார்கள்.

சிங்கன் இன்று கண்ணியோடு கிளம்பினால் நேரே ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டியிருக்கும். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆரம்பத்தில் சில வகை வேட்டைக்கு லைசென்ஸ் கொடுக்க இடம் இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. கௌதாரி, காட்டில் திரியும் காடை, காட்டுக்கோழி, மயில் எதையுமே பிடிக்கவோ கொல்லவோ கூடாது. பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டு, அந்தச் சத்தத்துக்கு வரும் மற்றக் கௌதாரிகளைக் கண்ணியில் பிடிப்பது நம் தெற்குச் சீமையில் பல தலைமுறைகள் கண்ட வித்தை. அந்த வித்தை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைச் சத்தமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ள வரும் காடை வறுவல்? பயப்பட வேண்டாம். அது பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'நந்தனம் காடை' ரகங்கள்கூட அதில் உண்டு. ஆனால் 'காட்டுல பிடிச்சது, ஒரிஜினல்' என்று யாராவது காதோடு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் வழக்கு உண்டு.

காட்டுக்கோழி பற்றி ஒரு இடைச்செருகல். குற்றாலம் மலையில் அதிகாலை கேட்கும் சேவல் குரல் பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியினுடையது. தென்னிந்தியா, மத்திய இந்தியா தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத பறவை. அதன் சேவலுக்குக் கழுத்தில் மெழுகுச் சொட்டு விழுந்தாற்போலப் புள்ளி வைத்த இறகுகள் இருக்கும். வெளிநாட்டில் தூண்டில் மீன்பிடிப்பில் செயற்கை 'ஈ' கட்ட அந்த இறகுக்கு ஒரு காலத்தில் ஏகக் கிராக்கி. அதற்காகவே ஏராளமான பறவைகள் கொல்லப்பட்டன. நம் வீட்டுக் கோழிகளின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. அடுத்தமுறை சந்தையில் கோழி வாங்கும்போது காலைப் பாருங்கள்.

சட்டம் மயிலுக்கு எப்படிக் கவசமாகிறது?

மயில் 1963-லிருந்து நம் தேசியப் பறவை. வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. 2022-ல் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டபோதும் அந்த இடம் மாறவில்லை. மயிலைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

பயிரைத் தின்கிறதே, விதிவிலக்கு கிடையாதா? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சு. சட்டத்தின் 11-வது பிரிவு இரண்டு வகையாகப் பிரிக்கிறது. முதல் அட்டவணை விலங்கு, பறவை என்றால், அது மனித உயிருக்கே ஆபத்தாக மாறினாலோ, மீளமுடியாத அளவுக்கு ஊனமோ நோயோ வந்தாலோ மட்டும்தான் தலைமை வன உயிரினக் காப்பாளர் வேட்டைக்கு அனுமதி தரலாம். 'நிற்கும் பயிருக்குச் சேதம்' என்ற காரணம் மற்ற அட்டவணைகளுக்குத்தான். அதேபோல, ஒரு விலங்கைத் 'தீங்குயிர்' என்று அறிவிக்கும் 62-வது பிரிவும் முதல் அட்டவணையைத் தொட முடியாது. அதாவது, ஆட்சியரோ அமைச்சரோ மனது வைத்தால்கூட, இப்போதுள்ள சட்டப்படி பயிருக்காக மயில்மேல் கை வைக்க வழியில்லை.

2016-ல் கோவாவின் அப்போதைய வேளாண் அமைச்சர் மயிலைத் தொல்லை தரும் உயிரினமாக அறிவிக்கலாமா என்று பேசியபோது நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கலாம். பேச்சோடு நின்றது.

காட்டுப்பன்றிக்கு அப்படியில்லை. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு ஒரு வழிமுறை சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். மேற்குத்தொடர்ச்சி மலை அடிவாரத்தில், நெல்லை வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிய கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி விவசாயிகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது. பன்றிக்கு வழி பிறந்ததும், 'அப்போ மயிலுக்கு?' என்ற கேள்வி கூடவே வந்துவிட்டது.

நிஜமாகவே கூடியிருக்கிறதா?

'எங்க தாத்தா காலத்துல மயிலைப் பார்க்க விராலிமலைக்குப் போகணும்' என்பது தெற்கில் அடிக்கடி காதில் விழும் வசனம். இதைச் சும்மா பேச்சு என்று தள்ள முடியாது.

2023 ஆகஸ்டில் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வெளியானது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த 3 கோடிக்கும் அதிகமான குறிப்புகளை வைத்து 942 பறவையினங்களை ஆராய்ந்த அறிக்கை அது. பல பறவைகள் குறைந்துகொண்டே போகின்றன என்று கவலைப்பட்ட அந்த அறிக்கை, வேகமாகப் பெருகுபவற்றில் ஒன்றாக மயிலைச் சொன்னது. கடந்த 20 ஆண்டுகளில் இமயமலையின் உயரங்களுக்கும், மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுப் பகுதிகளுக்கும் மயில் பரவியிருக்கிறது. ஒருகாலத்தில் மிக அரிதாக இருந்த கேரளத்தில் இப்போது எல்லா மாவட்டங்களிலும் உண்டு.

கேரளக் கதை தென்காசிக்கு நெருக்கமானது. 1933-ல் சாலிம் அலி திருவிதாங்கூர்-கொச்சி சமஸ்தானங்களில் பெரிய பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் நம் பக்கம் சேர்ந்தது. அந்தக் கணக்கெடுப்பில் மயில் பதிவாகவில்லை. 2009-ல் ஒரு குழு அவர் போன இடங்களுக்கு மறுபடி போனது. பல இடங்களில் மயில் அகவிக்கொண்டிருந்தது. பாலக்காடு-திருச்சூர் எல்லையில் சூலனூரில் மயிலுக்கென்றே ஒரு சரணாலயமும் வந்துவிட்டது. மயில் வறண்ட, திறந்த நிலத்தை விரும்பும் பறவை. ஈரமும் அடர்ந்த மரமுமாக இருந்த கேரளத்தில் அது பரவுவதை, அந்த நிலம் காய்ந்து வருவதன் அறிகுறியாக ஆய்வாளர்கள் சிலர் பார்க்கிறார்கள்.

நம் பக்கம் சொல்லப்படும் காரணங்கள் பல. வேட்டை நின்றது. நரியும் காட்டுப்பூனையும் குறைந்துபோனதால் முட்டைக்கும் குஞ்சுக்கும் பயமில்லை. தரிசாகக் கிடக்கும் நிலங்களில் சீமைக்கருவேலம் மண்டி ஒளிய இடம் கொடுக்கிறது. போர்வெல் புண்ணியத்தில் கோடையிலும் எங்காவது பச்சைப் பயிர் இருக்கிறது. மயில் தரையில்தான் முட்டை இடும். ஒரு ஈட்டுக்கு 4 முதல் 8 முட்டை, 28 நாள் அடைகாப்பு. தரையில் முட்டை இடும் பறவைக்கு நரி குறைவது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும், 'கூடியிருக்கிறது' என்பதும், 'எங்கள் ஊரில் இவ்வளவு இருக்கிறது' என்பதும் வேறு வேறு. வனத்துறை ஆண்டுதோறும் நீர்நிலைப் பறவைகளையும் நிலப்பறவைகளையும் தேர்ந்தெடுத்த இடங்களில் எண்ணுகிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011-லிருந்து தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஆழ்வார்குறிச்சி பக்கத்து வாகைக்குளத்துக்கு வந்துபோகும் பறவைகளின் கதை அப்படித்தான் வெளியே தெரிந்தது. ஆனால், வயலில் இறங்கும் மயிலை மட்டும் வருஷா வருஷம் ஒரே முறையில் எண்ணும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை.

5 நிமிடத்தில் எண்ணிய இலங்கை

எண்ணாமலே முடிவெடுத்தால் என்ன ஆகும், அவசரமாக எண்ணினால் என்ன ஆகும் என்ற இரண்டையும் பக்கத்து இலங்கை காட்டிவிட்டது.

2023-ல் அங்கே மயில், குரங்கு, காட்டுப்பன்றி உள்ளிட்ட சில உயிரினங்களைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பயிரைக் காக்க விவசாயிகளே நடவடிக்கை எடுக்கலாம் என்று அரசு சொன்னது. சேதம் அடங்கவில்லை. எத்தனை இருக்கின்றன என்றே தெரியாமல் எதைக் கட்டுப்படுத்துவது என்ற கேள்வி எழுந்தது. 2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணி. நாடு முழுக்க ஒரே நேரத்தில், வெறும் 5 நிமிடம், அவரவர் வீட்டுத் தோட்டத்திலும் வயலிலும் கண்ணில் படும் குரங்கு, மர அணில், மயிலை எண்ணி எழுதச் சொன்னார்கள். ஒரே விலங்கை இரண்டு பேர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 5 நிமிடக் கெடு.

முடிவு வந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மயில் மட்டும் சுமார் 42 லட்சம். 'செங்குரங்கு' 50 லட்சத்துக்கும் மேல். சுமார் 2.2 கோடி மக்கள் உள்ள தீவில் ஐந்து பேருக்கு ஒரு மயில்! இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அறிவியலாளர்கள் உடனே கேள்வி எழுப்பினார்கள். பயிற்சி இல்லாதவர்கள் எண்ணியது, சேதம் பட்டவரே எண்ணியது, காடுகளை விட்டுவிட்டு எண்ணியது என்று குறைகள் அடுக்கப்பட்டன. கேலியும் பறந்தது. என்னைக் கேட்டால், குறைகளோடு எண்ணியதைவிட, அடுத்த வருஷம் அதே முறையில் மறுபடி எண்ணுகிறார்களா என்பதுதான் முக்கியம். மினசோட்டாக்காரர்கள் 25 மைல் தடத்தை மாற்றாமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

மயிலை எண்ணுவது லேசில்லை

பெரிய பறவைதானே, எண்ணிவிடலாம் என்று தோன்றும். ஏமாந்துவிடுவோம்.

தென்னிந்தியாவில் ஏப்ரல், மே மாதங்களில் இனப்பெருக்கம் உச்சத்தில் இருக்கும். அப்போது ஆண் மயில் ஓயாமல் அகவும், திறந்த இடத்தில் தோகை விரிக்கும். நாலு மயில் பத்து மயில் சத்தம் போடும். பெட்டை அடங்கி அடைகாக்கும், கண்ணிலேயே படாது. ஆகஸ்ட் வாக்கில் ஆண் மயிலுக்குத் தோகை உதிர ஆரம்பிக்கும். தோகை இல்லாத ஆணைத் தூரத்திலிருந்து பார்த்தால் பழக்கமில்லாதவர்கள் பெட்டை என்றே எழுதிவிடுவார்கள். இளவட்ட ஆணுக்கு முழுத்தோகை வர 4 வருஷம்வரை ஆகும் என்பதால் அதிலும் குழப்பம். அதே கூட்டம் காலையில் ஒரு வயல், சாயங்காலம் இன்னொரு வயல் என்று போவதால், பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் இருவரும் அதே பன்னிரண்டு மயிலைத் தனித்தனியாகச் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணிக்கைதான் இரட்டித்துவிடும்.

நம்பகமான ஒரு வழி, அடையும் மரத்தைப் பிடிப்பது. மயில் இரவில் உயரமான மரத்தில்தான் அடையும். பழகிய மரத்தைச் சட்டென்று மாற்றாது. பொழுது சாயும் நேரத்தில் ஊரைச் சுற்றியுள்ள அடைமரங்களின் கீழே ஆளுக்கொருவர் நின்று, ஏறும் மயில்களை ஒரே சமயத்தில் எண்ணினால் ஓரளவு சரியான கணக்கு வரும். இன்னொன்று அமெரிக்க முறைதான்: ஒரே சாலை, ஒரே அதிகாலை, ஒரே மாதம், அடுத்தடுத்த வருஷங்கள்.

இப்போதைக்கு என்ன செய்கிறார்கள்?

பளபளக்கும் ரிப்பனை வயலுக்குக் குறுக்கே கட்டுகிறார்கள். காற்றில் அது அதிரும் சத்தத்துக்கும் மினுமினுப்புக்கும் சில நாள் மயில் தள்ளி நிற்கும், பிறகு பழகிவிடும். நாற்றங்காலுக்கு மட்டும் வலை போடுவது செலவு குறைந்த, நிச்சயமான வழி. பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவதும் உண்டு. கடலை விதையைக் கொஞ்சம் ஆழமாக ஊன்றுவது, முளைவிடும் முதல் பத்துப் பன்னிரண்டு நாள் மட்டும் காலையும் மாலையும் ஆள் போட்டுக் காப்பது, நாய் பழக்குவது என்று ஆளுக்கொரு வழி. ஆள் போடுவதற்குத்தான் ஆளில்லை. பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் கவணும் தட்டுமாகக் காவல் இருந்த காலம் போய்விட்டது. இப்போது செல்போனில் நாய்க்குரைப்பைப் பதிவுசெய்து ஸ்பீக்கரில் ஓடவிடுகிறார்கள்.

சில வழிகளில் கால் வைக்கவே கூடாது. விஷம் கலந்த தானியம் அதில் முதல். மதுரை, தூத்துக்குடி, கோவை என்று தமிழகத்தின் பல பகுதிகளில் மயில்கள் கூட்டமாகச் செத்துக்கிடந்து, விவசாயிகள் கைதான செய்திகளைப் பார்த்திருக்கிறோம். எலிக்கு வைத்தேன், மயில் தின்றுவிட்டது என்று சொன்னாலும் வழக்கிலிருந்து தப்பிப்பது கஷ்டம். விஷம் மயிலோடு நிற்பதுமில்லை. ஆடு, கோழி, நாய் என்று போய், வாய்க்கால் தண்ணீர்வரை கலக்கும். வேலியில் நேரடியாகக் கரண்டு விடுவது அதைவிட மோசம். அதில் செத்தவர்களில் வேலி போட்டவர்களே உண்டு.

உதிர்ந்த தோகை? வயலில் கிடப்பதைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். இயற்கையாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் வைத்திருக்கவும் விற்கவும் சட்டம் தடுக்கவில்லை. ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது.

ஜனவரியில் ஒரு வாய்ப்பு

மயில் கணக்கைத் தொடங்க அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2015-லிருந்து தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் 4 நாள் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடத்துகிறார்கள். இருக்கும் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட பறவைகள் அத்தனையையும் எண்ணி, 'இ-பேர்டு' செயலியில் ஏற்ற வேண்டும். செலவு கிடையாது. 2023 அறிக்கையின் 3 கோடிக் குறிப்புகளும் அந்தத் தளத்தில் சேர்ந்தவைதான்.

பொங்கல் என்பது தென்காசியில் பிசானப் பயிர் கதிர் விடும் காலம். மயில் வயலுக்கு வரும் காலமும்கூட. மேலகரத்திலோ, சுரண்டையிலோ, ஆலங்குளத்திலோ இருப்பவர்கள் காலை ஆறரை மணிக்கு வரப்பில் நின்று எண்ணலாம். பார்த்த இடம், நேரம், தோகையோடு எத்தனை, தோகை இல்லாமல் எத்தனை, குஞ்சு எத்தனை, எந்தப் பயிரில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே நிற்கும் கௌதாரியையும் கொக்கையும் விட்டுவிடாதீர்கள். மயிலை மட்டும் எழுதினால் அந்தப் பட்டியல் ஒப்பிட உதவாது. அதற்கடுத்த வருஷமும் அதே வரப்பில், அதே நேரத்தில் போய் நிற்க வேண்டும்.